ஹந்தானைக்கு ஒரு ஜோடி பெடல்

கண்டியில் முதல் காலை நான் செய்த முதல் வேலை, ஓர் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உலுக்கியது. தெர்மாகோல் துண்டுகள் விழுந்தன. ஒரு பழைய துவாலை விழுந்தது. சைக்கிளின் உடம்பு, இரண்டு சக்கரங்கள், ஹேண்டில்பார், சீட் எல்லாம் ஏற்கெனவே வெளியே வந்து தரையில் கிடந்தன. பெடல் மட்டும் இல்லை.

விமானத்தில் சைக்கிளைக் கொண்டுபோகிறவர்களுக்குத் தெரியும். பெட்டிக்குள் அடங்க வேண்டுமென்றால் இரண்டு பெடலையும் கழற்றியாக வேண்டும். கழற்றினேன். கோயம்புத்தூரில் என் சமையலறை மேடையில், மிக்ஸிக்குப் பக்கத்தில், செய்தித்தாளில் சுற்றி வைத்தேன். அதுவரைக்கும் நினைவிருக்கிறது. அதை எடுத்துப் பெட்டிக்குள் போட்டது நினைவில் இல்லை. போட்டிருந்தால்தானே.

இத்தனை வருடமும் பெடல் சேகரின் பொறுப்பு. கழற்றுவது, துடைப்பது, பெட்டியின் மூலையில் செருகுவது எல்லாம் அவர்தான். ஹெல்மெட்டையும் பிஸ்கட்டையும் நான் பார்த்துக்கொள்வேன். வால்பாறை, மூணாறு, குடகு என்று ஒன்றாக ஓட்டிய மலைகள் எதிலும் நான் பெடலைப் பற்றி யோசித்ததே இல்லை. கண்டிக்கும் சேர்ந்து வருவதாகத்தான் பேச்சு. அதற்குள் பிரிந்துவிட்டோம். பெரிய சண்டை ஒன்றுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், இனிமேல் இப்படி இருக்க முடியாது என்று அவர் சொன்னார். எனக்கும் அது தெரிந்தே இருந்ததால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அப்புறம் அவர் ரேவதியைக் கல்யாணம் செய்துகொண்டார். நான் ஒருத்தியாகவே கண்டிக்கு வந்தேன்.

குண்டசாலையில் நான் தங்கிய மாடி அறை ரிஸானாவுடையது. ஐம்பதை நெருங்கும் வயது. கணவருக்குக் கட்டாரில் வேலை, மகள் கல்யாணமாகி அக்குறணையில் இருக்கிறாள். கீழே அவர், மேலே வாடகைக்கு வருகிறவர்கள். நான் பெட்டியை உலுக்கிய சத்தம் கேட்டு மேலே வந்து வாசலில் நின்று பார்த்தார்.

"என்ன தாத்தா, எல்லாம் கழண்டு ஈக்கி?"

கண்டிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்கிறார்கள். இருக்கிறது என்பது ஈக்கி. முந்தின நாள் நான் வந்து இறங்கியபோது அவர் என்னை அப்படிக் கூப்பிட, எனக்குப் பின்னால் எந்தக் கிழவர் நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

"கழட்டினதுதாங்க, மாட்டிருவேன். ஆனா பெடலை ஊர்லயே விட்டுட்டு வந்துட்டேன்."

"கால் வைக்கிறதயா?" அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "அது இல்லாம எப்படி ஓட்டுவீங்க? கூட வந்த ஆக்கள்ட்ட இல்லயா?"

"கூட யாரும் வரலீங்க."

அவர் கீழே போய் ஒரு தட்டோடு திரும்பி வந்தார். இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, சிவக்க இடித்த தேங்காய்ச் சம்பல். இடியப்பம் எங்கள் ஊர்ச் சந்தவைக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் நாங்கள் தேங்காய்ப்பாலில் சர்க்கரை போடுவோம், இவர்கள் மஞ்சளும் பச்சை மிளகாயும் போடுகிறார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பெடல் இல்லாத சைக்கிளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தலையை நிமிர்த்தியபோது ரிஸானா கீழே போயிருந்தார்.

சைக்கிளின் மற்ற பாகங்களை மாட்டி முடித்துவிட்டு பஸ் ஏறிக் கண்டி டவுனுக்குப் போனேன். பஸ்ஸில் பாட்டு காதைப் பிளந்தது. எங்கள் ஊர் தனியார் பஸ்களுக்குக் கொஞ்சமும் குறைவில்லை. மொழி புரியாத பாட்டு என்றாலும் ஓர் ஆள் ஒரு பெண்ணை விட்டுப் போகிறான் என்பது மெட்டிலேயே தெரிந்தது.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் சைக்கிள் கடை. கடைக்காரர் பெயர் மகாலிங்கம். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பமாம். நான் வாயைத் திறந்ததுமே, "வாங்க வாங்க, இந்தியாவா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். பெடல் என்றதும் கறுப்பு ரப்பர் கட்டை வைத்த ஒரு ஜோடியை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். மேசை நடுங்கியது.

"இதப் போட்டீங்கன்னா ஆயுசுக்கும் கவலையில்ல."

கையில் தூக்கிப் பார்த்தேன். அம்மிக் குழவியைத் தூக்கியது போலிருந்தது. மலையில் ஓட்டும் சைக்கிள் என்றும், பெடல் தட்டையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும், ஷூவைப் பிடித்துக்கொள்ளச் சின்னச் சின்ன முள் வேண்டும், கனமே இருக்கக் கூடாது என்றும் விளக்கினேன்.

"முள்ளா? குத்தாதா?"

"ஷூ போட்டுத்தாங்க ஓட்டறது."

ஷூவோடு பூட்டிக்கொள்ளும் பெடல் ஒரு வகை உண்டு. மலையில் ஓட்டுகிறவர்கள் பலரும் அதைத்தான் விரும்புவார்கள். முழங்கால் அறுவை சிகிச்சைக்கு அப்புறம் எனக்கு அது ஆகாது. விழப்போகிற நேரத்தில் கால் யாரையும் கேட்காமல் தரைக்கு வர வேண்டும். இதையெல்லாம் மகாலிங்கத்திடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பார், நல்ல மனிதர்.

"அப்ப நம்மகிட்ட இல்லீங்க. பிலிமத்தலாவைக்குப் போங்க. அங்க ஒரு பொம்பள கடை வச்சிருக்காங்க, யாழ்ப்பாணத்து ஆளு. மலை சைக்கிள் சாமான் எல்லாம் அவங்ககிட்டதான். தனியாவா வந்திருக்கீங்க?"

"ஆமாங்க."

"தைரியந்தான்."

அந்த வார்த்தையைச் சொல்லும்போது ஆட்கள் அரை அடி பின்னால் நகர்ந்துகொள்கிறார்கள். ஊரிலும் பார்த்திருக்கிறேன்.

மத்தியானம் ஓட்டலில் சோறும் கறியும் சாப்பிட்டேன். நாலு பேர் உட்காரும் மேசை. பலாக்காய்க் கறி, பருப்பு, கீரை, பொரித்த மீன். பரிமாறியவர் என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்ததும் எதிரே கவிழ்த்து வைத்திருந்த மூன்று கிளாஸையும் ஒரே கையில் பிடித்து எடுத்துக்கொண்டு போனார். தப்பாக ஒன்றும் செய்யவில்லை. வேறு மேசைக்குத் தேவைப்பட்டிருக்கும். ஆனாலும் அதற்கப்புறம் பலாக்காயின் ருசி தெரியவில்லை.

சாயங்கால மழை வந்தபோது ஏரிக்கரையில் நின்றிருந்தேன். பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த ஜோடிகள் யாரும் எழுந்திருக்கவில்லை. குடையை விரித்துப் பின்பக்கமாகச் சாய்த்துக்கொண்டார்கள். கரையோரமாகக் குடைகளின் முதுகுகள் மட்டும் தெரிந்தன. நான் நனைந்துகொண்டே பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

மறுநாள் பிலிமத்தலாவைக்குக் கிளம்பி, கடுகண்ணாவையில் போய் இறங்கினேன். தவறு என்னுடையதுதான். நான் ஏறியது கொழும்புக்குப் போகும் விரைவு பஸ். பிலிமத்தலாவையில் நிற்காமல் போனபோது எழுந்து கத்தினேன். கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ சொல்லி, கையால் முன்னால் காட்டினார். மலை இறங்கும் கணவாய்க்கு முந்தின அந்த ஊரில் கதவைத் திறந்துவிட்டார். மேகம் சாலைக்கே வந்திருந்தது. லாரிகள் முக்கிக்கொண்டு ஏறி வந்து ஓரமாக நின்று மூச்சு வாங்கின.

குளிருக்கு ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். பால் இல்லாத தேநீர்தான் இங்கே வழக்கம், கூடவே ஒரு துண்டு கருப்பட்டி. கடிக்க வேண்டும், குடிக்க வேண்டும். கடைக்காரர் தமிழ் பேசினார். பக்கத்து மேசையில் ஒரு லாரி டிரைவர் போனில் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார். சின்ன வாக்கியங்கள், நடுநடுவே சிரிப்பு. அந்த ஆளையே நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கடைக்காரர் கவனித்துவிட்டார்.

"வீட்டுக்குச் சொல்றான். 'ஏறி முடிச்சிட்டேன், சோத்தப் போட்டு வை, அந்தக் கருவாட்டப் புள்ளைங்களுக்குக் குடுத்துத் தீத்துராத'ன்னு."

சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு எதிர்ப்பக்கம் போய் நின்று, வந்த வழியே திரும்பும் பஸ்ஸைப் பிடித்தேன்.

பிலிமத்தலாவைக் கடை பெரிய தெருவிலேயே இருந்தது. பித்தளைக் குத்துவிளக்கு விற்கும் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஒற்றைக் கதவு. உள்ளே சுவர் முழுக்கச் சக்கரங்கள் தொங்கின. கடைக்காரி தர்ஷினிக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். கையெல்லாம் கிரீஸ்.

"வாங்கோ அக்கா. பெடலோ? ஓம், இருக்கு. எந்தப் பக்கம் ஓடப்போறியள்?"

"ஹந்தானை மலை மேல ஏறலாம்னு."

"மழை நேரம். பாதை முழுக்கச் சேறும் கல்லும்தான். தெரியுந்தானே?"

தெரியும் என்றேன். மூன்று ஜோடிகளை எடுத்து ஒரு துணியை விரித்து வைத்தார். ஒன்று அலுமினியம். கத்தியால் செதுக்கினது போல விளிம்பு, ஓரமெல்லாம் கூரான முள். இரண்டாவது மக்னீசியம், வெள்ளி நிறம், என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் தடிமன். எடுத்தபோது கையில் ஏதாவது இருக்கிறதா என்றே சந்தேகம் வந்தது. மூன்றாவது நைலான். ஆரஞ்சு நிறம், விளையாட்டுச் சாமான் மாதிரி. அதுவும் இலேசுதான், மக்னீசியத்தை நெருங்கி வந்தது. ஆனால் பார்க்கத் தடிமன்.

நான் கண் பரிசோதிக்கிறவள். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, 'இது தெளிவா இருக்கா, இல்லை முன்னாடி போட்டதா' என்று நாள் முழுக்க மற்றவர்களைக் கேட்பதுதான் என் வேலை. சிலர் சட்டென்று சொல்வார்கள். சிலர், பெரும்பாலும் பெண்கள், என் முகத்தைப் பார்த்து, 'நீங்களே சொல்லுங்க' என்பார்கள். அன்றைக்கு அந்தக் கடையில் நான் தர்ஷினியின் முகத்தைப் பார்த்தேன்.

"எது எடுக்கலாம்?"

"எனக்கெண்டால் அலுமினியம்தான் எடுப்பன். காலை நல்லா இறுக்கிப் பிடிக்கும். ஆனா முழங்காலுக்குக் கீழ ஒருக்காப் பட்டா தோல் போயிடும்." தன் காலைத் தூக்கிக் கணுக்காலுக்கு மேலே இருந்த தழும்புகளைக் காட்டினார். "நீங்கள் பாரம் குறைவாக் கேக்கிறியள். அப்ப மற்ற ரெண்டிலயும் ஒண்டு."

"மக்னீசியந்தானே ரொம்ப லேசு?"

"ஓம். ஆனா அந்த வித்தியாசம் ரெண்டு மிடறு தண்ணி, அக்கா. போத்தில்ல கொஞ்சம் குறைச்சு நிரப்பினாச் சரி."

"அப்புறம் ஏன் எல்லாரும் அதையே தேடறாங்க?"

"கையில தூக்கிப் பாக்க ஆசையா இருக்குமெல்லே."

அந்த நேரம் வேறு ஒருவர் டியூப் கேட்டு வந்தார். தர்ஷினி எழுந்து போனார். நான் போனை எடுத்தேன். மக்னீசியத்தையும் நைலானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, 'எது?' என்று சேகருக்கு அனுப்பினேன். யோசித்துச் செய்ததில்லை. வெந்நீர் கொதித்தால் அடுப்பை அணைப்பது போலக் கை அதுபாட்டுக்குச் செய்துவிட்டது. பிரிந்தபிறகு நானாக அனுப்பிய முதல் செய்தி அது.

உடனே பதில் வந்தது.

'அவர் வண்டி ஓட்டிட்டு இருக்கார். நான் ரேவதி. ஏதாவது அவசரமா அக்கா?'

அந்த 'அக்கா'வில் கேலி இல்லை. அந்தப் பெண் நல்ல பெண் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இப்போது எனக்கும் தெரிந்துவிட்டது. கடைக்கு வெளியே ஒரு பஸ் நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போகும் வரைக்கும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'இல்லைம்மா, சும்மாதான்' என்று எழுதி அனுப்பினேன். முகம் சூடாக இருந்தது. போனைப் பைக்குள் அடியில், ரெயின்கோட்டுக்கும் கீழே தள்ளினேன்.

தர்ஷினி வந்து என்னைப் பார்த்தார். ஏதோ புரிந்திருக்க வேண்டும். மூலையில் ஸ்டாண்டில் நின்ற ஒரு சைக்கிளை இழுத்து வந்தார்.

"ரெண்டையும் போட்டுத் தாறன். ஏறி நிண்டு பாருங்கோ. நிக்காமத் தெரியாது."

முதலில் மக்னீசியம். ஏறி நின்றேன். என் பாதம் சின்னது, குழந்தைகள் பிரிவில் ஷூ வாங்குகிற அளவு. அந்த அகலமான தகட்டின்மேல் என் கால், பெரிய கட்டிலில் ஓரமாகப் படுத்த ஆள் மாதிரி இடம் தேடியது. பெடலைப் பிடித்து ஆட்டியபோது உள்ளே ஒரு மெல்லிய தளர்வும் தெரிந்தது. அப்புறம் நைலான். நடுவில் கொஞ்சம் குழிந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பாதத்தின் வளைவு அந்தக் குழியில் இறங்கி உட்கார்ந்தது. இரும்பு முட்கள் ஷூவின் ரப்பரைப் பிடித்தன. இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன். மேலே தூக்கினால் விட்டது, அழுத்தினால் பிடித்தது.

"இது போதுங்க. ஆரஞ்சு."

"மற்றதை ஒருக்காத் திரும்பவும் பாக்கேல்லையோ?"

"இல்லீங்க. இதுதான்."

"அப்ப சரி. உங்கட கால்."

பெடலைக் காகிதத்தில் சுற்றும்போது தர்ஷினி தன்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். கல்யாணம் கட்டி இங்கே வந்தவர். பிள்ளைகள் இங்கேயே பிறந்து சிங்களமும் தமிழும் கலந்து பேசுகிறார்கள். "கனகாலமாச்சு. இப்பவும் கடைக்கு வாற சனம், எப்ப ஊருக்குப் போறியள் எண்டு கேக்குது," என்றார். "என்ன சொல்லுவீங்க?" என்றேன். "வாற மாசம் எண்டு சொல்லுவன். சந்தோசமாப் போயிடுவினம்."

குண்டசாலைக்குத் திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. சைக்கிளைக் கீழே இறக்கி, வீட்டு முன்வாசல் கூரைக்கு அடியில் நிறுத்தினேன். ரிஸானா ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். நாற்காலிக்கு இந்த நாட்டில் அதுதான் பெயர்.

பெடல் மாட்டுவதில் ஒரு வில்லங்கம் உண்டு. வலது பெடல் சாதாரண மரை. இடது பெடலுக்கு எதிர்மரை, இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். மாற்றிப் போட்டு முறுக்கினால் பெடலைத் தாங்கும் கிராங்கின் மரையே தேய்ந்து போகும், அப்புறம் பெடல் நிற்காது. எது இடது, எது வலது என்று தண்டின் முனையில் பொடி எழுத்தில் குத்தியிருப்பார்கள். நான் மூக்குவரைக்கும் கொண்டுபோனேன், கைநீட்டிப் பார்த்தேன், விளக்குக்குக் காட்டினேன். ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவளுக்குக் வெள்ளெழுத்துக் கண்ணாடி மேலே மாடியில் இருந்தது.

"இங்க தாங்க." ரிஸானா வாங்கி ஒரே பார்வையில், "இது எல், இது ஆர். எங்கட கண் இன்னும் நல்லம்," என்றார்.

அவர் சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, நான் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினேன். இடது பெடல் இரண்டு சுற்று இலகுவாகப் போய் நின்றது. பயம் வந்தது. கழற்றி, துடைத்து, விரலாலேயே முதல் மரையைத் தேடி உட்காரவைத்தேன். இந்தத் தடவை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கடைசித் திருப்புக்கு என் உடம்பு எடை முழுவதையும் கொடுத்தேன்.

"ஊட்டுல இதெல்லாம் ஹஸ்பண்ட் செய்றதா?" என்றார் ரிஸானா.

"முன்னாடி. இப்ப அவரு வேற வீட்ல இருக்காருங்க."

அவர் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். "எங்கட ஆள் ஒவ்வொரு நாளும் வீடியோ கோல் எடுப்பார். மொகம் மட்டுந்தான் வரும். சாப்பிட்டீங்களா என்டு கேப்பேன், ஓம் என்பார். மெலிஞ்சிட்டாரா, கொழுத்திட்டாரா என்டு எனக்கு இன்னும் வெளங்கல்ல." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. எழுந்து உள்ளே போய் எனக்கு ஒரு துணி கொண்டுவந்து கொடுத்தார். கையைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் ஹந்தானை. கண்டி டவுனைத் தாண்டியதுமே ஏற்றம். முதலில் வீடுகள், பிறகு தேயிலை, பிறகு தேயிலையும் கைவிட்ட புல்வெளி. வால்பாறையில் யூக்கலிப்டஸ் வாசம் வரும். இங்கே ஈர மண்ணும் எலுமிச்சைப் புல்லும் மணத்தன. முழங்கால் முனகியது, ஆனால் நிற்கச் சொல்லவில்லை. ஆரஞ்சுப் பெடல்கள் காலுக்கு அடியில் இருப்பதையே மறந்துவிட்டேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். ஒருவர், "எங்க போறீங்க?" என்று கத்தினார். "மேல!" என்றேன். "மேல ஒண்ணுமில்லீங்க!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

மேலே ஒன்றுமில்லைதான். கற்கள், காற்று, கீழே கிண்ணத்துக்குள் கண்டி. ஏரி ஒரு ஐம்பது பைசா மாதிரி தெரிந்தது. படம் எடுக்கப் போனை எடுத்தேன். யாருக்கு அனுப்ப என்று யோசனை வந்தது. எடுக்காமலே உள்ளே வைத்தேன்.

மலைப்பாதையில் இறங்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே விழுந்தேன். ஈரக் கல்லில் முன்சக்கரம் நழுவியது. கால் யாரையும் கேட்காமல் தரைக்கு வந்தது, அதனால் முழங்கால் பிழைத்தது. ஆனால் சுழன்று வந்த பெடல் முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டது. கோடு கோடாக ரத்தம். தார் ரோடு வரைக்கும் சைக்கிளை நடத்திக்கொண்டு வந்து, ஒரு மதகுச் சுவரில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அப்போதுதான் போன் அடித்தது. சேகர்.

"ரேவதி சொன்னா, நேத்து நீ மெசேஜ் போட்டிருந்தேன்னு. இப்பத்தான் படத்தைப் பார்த்தேன். மக்னீசியம் எடுத்துக்கோ. உன் முட்டிக்கு வெயிட் கம்மியா இருந்தா நல்லது."

"வாங்கியாச்சு."

"எது?"

"நைலான்."

"நைலானா? ஏம்மா? வித்தியாசம் பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன். ஏறி நின்னும் பார்த்தேன். இதுதான் என் காலுக்குச் சரியா இருக்கு."

அவர் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

"யார்கூடப் போயிருக்க?"

"நான் மட்டுந்தான்."

"ஓ." "பார்த்து ஓட்டு."

"சரி."

வைத்துவிட்டார். விழுந்ததை நான் சொல்லவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. முன்பெல்லாம் ஒரு கீறல் பட்டாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவேன். இப்போது கால் எரிந்துகொண்டிருந்தபோதே, சாதாரணக் குரலில் பெடலைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறேன். அந்த மதகில் உட்கார்ந்து அழுதேன். பார்க்க யாருமில்லாத இடத்தில் அழுவதும் ஒரு வசதிதான்.

அழுது முடிக்கும்போது மேகம் இறங்கிவிட்டது. சாலை பத்தடிக்கு மேல் தெரியவில்லை. மேலிருந்து ஓர் ஆட்டோ மெதுவாக உருண்டு வந்து பக்கத்தில் நின்றது. பின்சீட் முழுக்க முட்டைக்கோஸ் மூட்டைகள். டிரைவர் தலையில் துண்டு கட்டியிருந்தார்.

"என்னாங்க, விழுந்துட்டீங்களா?"

"லேசாதாங்க."

"மூட்டைய நகத்திட்டு ஏத்திக்கிறவா? சைக்கிள மேல கட்டிக்கலாம்."

"வேண்டாங்க. ஓட்டிட்டே போயிர்றேன்."

"ஒண்ணுந் தெரியாதுங்க இந்த மூட்டத்துல. லைட்டு இருக்கா ஒங்ககிட்ட?"

இல்லை என்று தலையாட்டினேன். மாலைக்குள் இறங்கிவிடலாம் என்று விளக்கைக் கொண்டுவரவில்லை.

"சரி, முன்னுக்குப் போங்க. நான் பின்னாலயே வாறேன்."

ஏறி உட்கார்ந்தேன். பின்னாலிருந்து மஞ்சள் வெளிச்சம் வந்து சாலையில் விழுந்தது. என் நிழலும் சைக்கிளின் நிழலும் எனக்கு முன்னால் மேகத்தில் பெரிதாக எழுந்தன. நான் பிரேக் பிடித்தால் அவரும் வேகத்தைக் குறைத்தார். வளைவுக்கு முன்னால் எதிரே வருகிறவர்களுக்காகச் சின்னதாக ஹாரன் அடித்தார். கால் எரிந்தது. ஆனால் பாதம் பெடலில் அசையாமல் நின்றது. சேகர் எப்போதும் எனக்கு முன்னால் ஓட்டுவார், அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் போவேன். என் பின்னால் ஒருவர் வந்து நான் பார்த்ததில்லை. முட்டைக்கோஸ் ஏற்றிய அந்த வண்டி என்னைவிட வேகமாகப் போயிருக்க முடியும். போகவில்லை.

வீடுகள் தொடங்கும் இடத்தில் மேகம் மெலிந்து தெருவிளக்குகள் தெரிந்தன. பின்னாலிருந்த வெளிச்சம் சட்டென்று ஒரு பக்கமாகத் திரும்பியது. நிறுத்தி, காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தேன். ஆட்டோ இடப்பக்கச் சந்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கினேன். பார்த்தாரோ இல்லையோ, ஒரு ஹாரன் கேட்டது. பெயரைக்கூடக் கேட்டிருக்கவில்லை.

சந்தில் அந்தச் சத்தம் அடங்கும் வரைக்கும் நின்றேன். கீழே கண்டி முழுக்க ஈரத்தில் பளபளத்தது. குண்டசாலைக்கு இன்னும் நல்ல தூரம் இருந்தது. மிதித்தேன்.